சோம்பல் அன்று, நோய்

மனித உடலுக்குள் ஓர் எதிர்ப்புப் படை இருக்கிறது. வெள்ளை இரத்த அணுக்களும் அவை உருவாக்கும் எதிர்ப்பொருள்களும் அடங்கிய அந்தப் படை, உள்ளே நுழையும் கிருமிகளை அடையாளங்கண்டு அழிக்கிறது. சளிக்காய்ச்சல் கண்டவர் சில நாள்களில் தேறி எழுவது அதனால்தான். ஆனால், சிலரின் உடலில் இப்படை தன்னவர் யார், பகைவர் யார் என்று பிரித்தறியத் தவறி, சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. இவ்வாறு உண்டாகும் நோய்களைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்பர். தாக்குதல் மூட்டுகளின் மீது நிகழ்ந்தால் மூட்டழற்சி உண்டாகிறது. இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களின் மீது நிகழ்ந்தால் முதல் வகை நீரிழிவு ஏற்படுகிறது. தசைக்கும் தோலுக்கும் குருதி கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்களைத் தாக்கி, அவ்விரண்டையும் வீங்கச் செய்யும் நோய்க்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று பெயர். தமிழில் இதனைத் தோல்தசை அழற்சி எனலாம். ஜெர்மானிய மருத்துவர் உன்வெரிக்ட் 1891ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார்.

இந்நோய் பெரியவர்களுக்கும் வரும், குழந்தைகளுக்கும் வரும். குழந்தைகளுக்கு வருவது மிகவும் அரிது. பத்து இலட்சம் குழந்தைகளுள் ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கே இது புதிதாகத் தோன்றுவதாக அமெரிக்க, பிரிட்டன் ஆய்வுகள் காட்டுகின்றன. மலேசியாவில் 18 வயதுக்குட்பட்டோர் ஏறக்குறைய 90 இலட்சம் பேர். அதே விகிதம் இங்கும் பொருந்தும் என்று கொண்டால், நாடு முழுவதும் ஆண்டுக்கு இருபது, முப்பது குழந்தைகள்தாம். காப்பார் போன்ற ஊரில் பணியாற்றும் ஒரு மருத்துவர், தம் பணிக்காலம் முழுவதும் இத்தகைய ஒரு குழந்தையைக்கூடச் சந்திக்காமல் ஓய்வு பெற்றுவிடக்கூடும். இந்நோயின் முதல் சிக்கல் அதுதான். எவரும் எதிர்பார்க்காத நோயை எவரும் எளிதில் கண்டுகொள்வதில்லை.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் காப்பார். பழைய தோட்டங்களின் நினைவும் புதிய தாமான்களின் நெரிசலும் ஒருங்கே கொண்ட அவ்வூரில், தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருத்துவ நூல்கள் பல குழந்தைகளிடம் கண்டு எழுதியவற்றை அந்த ஒருத்தியிடம் சேர்த்துப் பார்த்தால் நோய் எளிதில் விளங்கும்.

முதலில் அவள் கண்ணிமைகள் சற்றே கறுத்து உப்புகின்றன. கன்னத்தில் தடிப்பு. “வெயில்ல ஆடினா அப்படித்தான் இருக்கும்,” என்கிறார் பாட்டி. தனியார் மருந்தகத்தில் ஒவ்வாமை என்று எண்ணிக் களிம்பு கொடுக்கிறார்கள். அடுத்த சில வாரங்களில் விரல் கணுக்களின் மேல் தோல் தடித்துச் சொரசொரப்பாகிறது. பள்ளிப் பேருந்தின் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடலை இழுத்துக்கொள்ளத் தொடங்குகிறாள். உடற்கல்வி நேரத்தில் ஓடாமல் ஓரமாக நிற்கிறாள். காலையில் பின்னல் போட அம்மா அழைத்தால், “கை வலிக்குதும்மா, நீங்களே சீவி விடுங்க,” என்கிறாள். மூன்று வயதிலேயே தானாகச் சட்டை மாட்டிக்கொண்ட பிள்ளை, ஏழு வயதில் மாட்டிவிடச் சொல்கிறாள். வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் பெயர் ‘சோம்பேறி’. பள்ளியிலும் அதே பெயர்தான்.

இவ்விடத்தில் யாரையும் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. இந்த நோயில் வலிமை ஒரே நாளில் போய்விடுவதில்லை. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கசிந்து போகிறது. தினமும் உடனிருப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஓராண்டு கழித்துத் தீபாவளிக்கு வரும் அத்தை, “என்ன, பிள்ளை இப்படித் தளர்ந்து போயிருக்கு?” என்று கேட்ட பிறகே பெற்றோர் விழித்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

சோம்பலையும் தசைத் தளர்ச்சியையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சோம்பல் உள்ள பிள்ளை வேலைக்கு அழைத்தால் எழமாட்டான். ஐஸ்கிரீம் வண்டி மணியடித்தால் எழுந்து ஓடுவான். தளர்ச்சி உள்ள குழந்தை தனக்குப் பிடித்ததற்கும் எழ முடியாமல் தவிக்கும். இந்நோயில் உடலின் நடுப்பகுதியை ஒட்டிய தசைகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. இடுப்பு, தொடை, தோள், கழுத்து, வயிறு ஆகியவற்றின் தசைகள் சோர்ந்துவிட, விரல்களின் வலிமை பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே, எழுதும் கையெழுத்து மாறாது. ஆனால் மாடிப்படி மலையாகத் தோன்றும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்த குழந்தை எழும்போது, முதலில் கைகளை ஊன்றி, பின்னர் தன் முழங்காலையும் தொடையையும் கையால் பிடித்து ஏறுவது போல நிமிரும். பிரிட்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இதனை விவரித்தார். இன்றும் அது கவர்ஸ் அறிகுறி என்றே அழைக்கப்படுகிறது. கோயிலில் பந்தியில் அமர்ந்து எழும் பிள்ளையிடம்கூட இதைக் காணலாம். இவ்வறிகுறி வேறு தசை நோய்களிலும் தோன்றும். சிறுவர்களைத் தாக்கும் டூசென் தசைச் சிதைவு அவற்றுள் ஒன்று. ஆனால், அது மரபணுக் குறையால் வருவது, மெதுவாக முற்றுவது, தோலில் தடிப்பை ஏற்படுத்தாதது.

தோலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான மருத்துவ நூல்கள், இந்நோயில் கண்ணிமைகள் ஊதா நிறம் கொள்ளும் என்றும் விரல் கணுக்களின் மேல் சிவந்த தடிப்புகள் தோன்றும் என்றும் எழுதுகின்றன. அவ்விரண்டும் வேறு எந்த நோயையும்விட இதனையே சுட்டும் அடையாளங்கள். ஆனால், அந்த வருணனைகள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. மாநிறமோ கருநிறமோ கொண்ட குழந்தையின் இமையில் ஊதா ஊதாவாகத் தெரியாது. பழுப்பாகவோ அடர்கறுப்பாகவோ தெரியும். கணுக்களின் சிவப்பு, வெறும் கருமையாகவோ நிறம் வெளிறிய புள்ளிகளாகவோ காணப்படலாம். தூக்கம் போதவில்லை, முட்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டாள் என்று கடந்துவிடுவது எளிது. நிறத்தை மட்டும் தேடாமல், தோல் தடித்திருக்கிறதா, இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா, வெயில் படும் இடங்களில் மிகுந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த மருத்துவரே தமிழ்க் குழந்தையிடம் இந்நோயை விரைந்து கண்டுகொள்வார்.

இன்னொரு சான்று நகத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. நகமும் தோலும் சேரும் மடிப்பில் ஒரு துளி எண்ணெய் விட்டு, உருப்பெருக்கும் கருவியால் பார்த்தால், நுண்ணிய குருதிக் குழாய்கள் தெரியும். நலமுள்ள குழந்தைக்கு அவை சீவிய முடி போல ஒழுங்காக வரிசை பிடித்திருக்கும். நோயுற்ற குழந்தைக்கு அவை பருத்து, வளைந்து, இடையிடையே மறைந்தும் போயிருக்கும். தசைக்குள் நிகழும் சேதத்தை வெளியிலிருந்தே எட்டிப் பார்க்க உதவும் சன்னல் அது. ஊசியும் வேண்டாம், வலியும் இல்லை.

காப்பார்ச் சிறுமியின் பயணம் பொதுவாக எப்படி அமையும்? அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்து, பரிந்துரைக் கடிதத்துடன் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் குழந்தை மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவர். அங்கிருந்து குழந்தைகளின் மூட்டு, தசை நோய்களைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மலேசியாவில் அத்துறை சிலாயாங் மருத்துவமனையில் வளர்ந்தது. காப்பாரிலிருந்து சிலாயாங்குக்கு, நெரிசல் மிகுந்த காலை வேளையில் காரில் செல்வதே பெரிய பயணம். அப்பா ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். தம்பியை அண்டை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முறை, இரு முறை அன்று; பல ஆண்டுகளுக்கு. மருந்தின் விலையைப் பற்றிப் பேசுவோர் இச்செலவைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

சேதமுற்ற தசை, தன்னுள் இருக்கும் சில நொதிகளை இரத்தத்தில் கசிய விடுகிறது. அவற்றின் அளவு உயர்ந்திருந்தால் தசை அழிகிறது என்று பொருள். இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்நொதிகளுள் இரண்டு, கல்லீரல் நோயிலும் உயர்பவை. தசையை மறந்து கல்லீரலைத் தேடிப் போனால் மாதங்கள் வீணாகும். சில குழந்தைகளுக்கு, நோய் முற்றியிருக்கும்போதும் முக்கிய நொதியின் அளவு இயல்பாகவே இருக்கும். ஆகவே, இரத்த அறிக்கையின் எண்களை மட்டும் நம்பாமல் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கின்றனர், அழற்சி கண்ட தசை அதில் ஒளிர்ந்து தெரியும். ஐயம் தீராவிட்டால் தொடையிலிருந்து சிறு துண்டு தசையை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். இரத்தத்தில் எந்த எதிர்ப்பொருள் உள்ளது என்று கண்டறிவதும் இப்போது இயலும். அதைக் கொண்டு, தோல், நுரையீரல், தசை ஆகியவற்றுள் எதற்கு அதிக ஆபத்து என்று முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம்.

வலிமையை அளப்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. குழந்தையைப் படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்வார்கள். எத்தனை வினாடி தாங்குகிறது என்று எண்ணுவார்கள். இரண்டு நிமிடம் தாங்கினால் முழுப் புள்ளி. பின்னர் கையை உயர்த்துதல், எழுந்து உட்காருதல், தரையிலிருந்து எழுதல், முக்காலியில் ஏறுதல் என மொத்தம் 14 செயல்கள். முழுப் புள்ளி 52. ஒவ்வொரு வருகையின்போதும் இதையே திரும்பச் செய்வதால், மருந்து பலன் தருகிறதா என்பது வீட்டாருக்கும் கண்கூடாகத் தெரிகிறது.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “இது ஒட்டுமா?” என்பதே. ஒட்டாது. உடன்பிறந்தோர் அதே தட்டில் சாப்பிடலாம். பள்ளித் தோழிகள் கைகோத்து நடக்கலாம். “புற்றுநோயா?” என்பது அடுத்த கேள்வி. பெரியவர்களுக்கு வரும் தோல்தசை அழற்சியோடு சிலவேளை புற்றுநோயும் மறைந்திருப்பதுண்டு. குழந்தைகளிடம் அத்தொடர்பு காணப்படுவதில்லை. “நாங்கள் என்ன தவறு செய்தோம்?” என்ற மூன்றாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால், மனத்துக்குள் வைத்துக்கொண்டு வருந்துகின்றனர். பிறவியிலேயே அமைந்த மரபுக் கூறுகள் சிலவும் தொற்று, வெயில் போன்ற புறத்தூண்டுதல்களும் கூடும்போது நோய் பிறப்பதாகக் கருதப்படுகிறது. உணவாலும் வளர்ப்பாலும் கண் திருஷ்டியாலும் இது வருவதில்லை.

மருந்து இல்லாத காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர், இன்னொரு பங்கினர் உடல் முடங்கினர், எஞ்சியோரே தேறினர். 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், மூட்டழற்சியால் முடங்கியிருந்த ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தி நடக்க வைத்தார். 1950இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னர் குழந்தைகளின் தசை அழற்சிக்கும் ஸ்டீராய்டு கைகொடுத்தது. இன்று இந்நோயால் இறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு.

எனினும், ஸ்டீராய்டு இருபுறமும் கூரான கத்தி. அது எதிர்ப்புப் படையை அடக்குகிறது. கூடவே பசியைத் தூண்டி, முகத்தை உருண்டையாக்கி, எலும்பை மெலியச் செய்து, வளர்ச்சியையும் குறைக்கிறது. அதனைக் குறைந்த காலம் மட்டும் கொடுக்க வேண்டுமானால், துணைக்கு வேறொரு மருந்து வேண்டும். அந்தத் துணை மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். அதன் கதை சென்னையைத் தொட்டுச் செல்கிறது.

எல்லாப்பிரகத சுப்பாராவ் 1895ஆம் ஆண்டில் இன்றைய ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் சேர்ந்து உடலை உருக்கும் ஸ்பிரூ என்னும் நோய்க்கு உடன்பிறந்தோரைப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைக்கூடத்துக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் சினங்கொண்டதால், முழுப் பட்டத்துக்குப் பதில் தாழ்ந்த சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அவரோ கப்பலேறி அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஆய்வு செய்து, பின்னர் லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்றார். இதற்கிடையில், லூசி வில்ஸ் என்ற பிரிட்டன் மருத்துவர், பம்பாயின் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையேயும் நீலகிரியின் குன்னூரிலும் ஆராய்ந்து, ஈஸ்டில் உள்ள ஏதோ ஒரு சத்து கர்ப்பிணிகளின் இரத்தசோகையைப் போக்குவதைக் காட்டியிருந்தார். அச்சத்தே ஃபோலிக் அமிலம். 1940களில் சுப்பாராவின் குழு அதனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. ஸ்பிரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. பின்னர், அதே குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. மெத்தோட்ரெக்ஸேட் அவற்றுள் ஒன்று. இரத்தப் புற்றுநோய்க்கென வந்த அது, மிகக் குறைந்த அளவில் தன்னுடல் தாக்கு நோய்களுக்கும் பயன்படும் என்பது பின்னாளில் தெரிந்தது. சுப்பாராவ் 1948இல், 53ஆம் வயதில் காலமானார்.

இன்று சிலாயாங்கிலும் வேலூரிலும் இலண்டனிலும் இந்நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை, மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒரு முறை எடுத்துக்கொள்கிறது. அதன் பக்கவிளைவைத் தணிக்க ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் விழுங்குகிறது. இரண்டு மருந்துகளும் ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. வாரம் ஒரு முறை என்பதைப் பெற்றோர் நாள்காட்டியில் வட்டமிட்டு வைப்பது நல்லது. தவறுதலாகத் தினமும் கொடுத்தால் அது உயிருக்கே உலை வைக்கும்.

துணை மருந்து உண்மையில் உதவுகிறதா என்பதை உறுதிப்படுத்த, 22 நாடுகளைச் சேர்ந்த மருத்துவர்கள் கூடினர். அத்தனை நாடுகள் சேர்ந்தும், ஆய்வில் பங்கெடுத்த குழந்தைகள் 139 பேரே. நோய் எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களைவிட, துணை மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள் நன்கு தேறினர். துணை மருந்துகளுள் மெத்தோட்ரெக்ஸேட்டே பாதுகாப்பானது என்றும் தெரிந்தது. 2016இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அம்முடிவு இன்று பல நாடுகளில் வழிகாட்டியாக உள்ளது. அதற்கும் கட்டுப்படாத நோய்க்கு, கொடையாளர்களின் குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களை நரம்பு வழியாகச் செலுத்துவதுண்டு.

மருந்துக்கு இணையானது பயிற்சி. முன்பெல்லாம், வீங்கிய தசைக்கு ஓய்வு வேண்டும் என்று குழந்தைகளைப் படுக்க வைத்தனர். அது தவறு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இயன்முறை மருத்துவர் வகுத்துத் தரும் பயிற்சி தசையைக் கெடுப்பதில்லை. மாறாக, மூட்டுகள் மடங்கி இறுகிப் போவதைத் தடுக்கிறது. வெயிலோ உண்மையான எதிரி. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் தோல் தடிப்பை மட்டுமன்றி, அடங்கிய நோயையும் கிளப்பிவிடக்கூடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டில், திடலில் சபை கூடும் பள்ளிகளில், அகன்ற தொப்பிக்கும் நீண்ட கைச்சட்டைக்கும் தலைமையாசிரியரின் அனுமதி ஒரு மருந்துச்சீட்டுக்குச் சமம்.

தாமதத்தின் விலை சிறிதன்று. சிகிச்சை பிந்தினால், சில குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிகள் உருவாகின்றன. முழங்கையிலும் முட்டியிலும் கல் போல இறுகும் அவை, வெடித்துப் புண்ணாகவும் கூடும். அவற்றைக் கரைக்க நம்பகமான மருந்து இன்னும் இல்லை. குரல் மூக்கால் ஒலிப்பது, தண்ணீர் குடித்தால் புரையேறுவது, மூச்சு வாங்குவது ஆகியவை தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2016இல் வெளிவந்த ‘தங்கல்’ திரைப்படத்தில் இளவயது பபிதாவாக நடித்த சுஹானி பட்நாகர், 2024 பிப்ரவரியில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தோல்தசை அழற்சியால் உயிரிழந்தார். வயது 19. கையில் வீக்கம் தோன்றிச் சுமார் இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன என்றும், நோயின் பெயர் தெரிந்து சில நாள்களே ஆகியிருந்தன என்றும் பெற்றோர் செய்தியாளர்களிடம் கூறினர்.

எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்ளும் குழந்தைக்குச் சின்னம்மை போன்ற தொற்று கடுமையாகும். எனவே, வகுப்பில் யாருக்கேனும் அம்மை கண்டால் ஆசிரியர் உடனே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். முகம் உருண்டு போன தோழியைப் ‘பூசணி’ என்று கேலி செய்யும் வகுப்பில், சில பிள்ளைகள் மாத்திரையை ஒளித்து வைத்துவிடுகின்றனர். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடல் தனக்கு வேண்டிய அளவைத் தானாகச் சுரக்க இயலாமல் மயங்கி விழ நேரும். அளவு குறைப்பது மாதக் கணக்கில், படிப்படியாக நடக்க வேண்டிய வேலை.

சில குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் நோய் முற்றிலும் அடங்கிவிடுகிறது. சிலருக்கு அடங்கி, மீண்டும் தலைதூக்குகிறது. வேறு சிலர் மருந்தோடுதான் இடைநிலைப்பள்ளியை முடிக்கின்றனர். வளர்ந்த பின் அவர்கள் பெரியவர்களுக்கான சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படுவர். அங்கே அம்மா பேசமாட்டார். எந்த ஆண்டில் நோய் கண்டது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதைய அளவு எத்தனை மில்லிகிராம் என்பதையெல்லாம் அவர்களே சொல்ல வேண்டும். அதனால், பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே மருத்துவர் பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்.